சில்லறை வேலையில்தான் ஓட்டை விழும்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் கடலோரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்களில்தான் மூச்சுவிட நேரமிருக்காது. மண்டபம், ராமேசுவரம், தொண்டி என்று எங்கே போனாலும் விசைப்படகுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலை இழுக்கும் வின்ச் நிற்கும் சட்டம், சுக்கான், இன்ஜின் உட்காரும் சட்டம் என்று கனத்த இரும்பு வேலைகளுக்குப் பட்டறையின் மூத்த கைகள் கிளம்பிவிடும். மிச்சமிருக்கும் சில்லறை வேலைகள் புதிதாகச் சேர்ந்தவன் தலையில் வந்து விழும். ஐஸ்பெட்டி மூடியின் கீல், சைக்கிள் கேரியர், டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன்கூடை வைக்கும் ஸ்டாண்டு, சைலன்சர் ஓட்டை, பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றாக யாரோ வாங்கி வந்து ஒரே மாதத்தில் கால் விட்டுப்போன மடக்கு நாற்காலி.

இந்த ஏற்பாடே தலைகீழ் என்பது என் கருத்து. 6 மில்லிமீட்டர், பட்டறைப் பேச்சில் 6 மில்லி, கனமுள்ள பட்டையை ஒட்டுவது புதியவனுக்கு எளிது. கை கொஞ்சம் தயங்கினாலும் இரும்பு தாங்கிக்கொள்ளும். அசிங்கமாக வந்தால் கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிடலாம். ஒரு மில்லி தகடு அப்படிப் பொறுக்காது. ஒரு இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் ஓட்டை. அதை அடைக்கப் போனால் இன்னும் பெரிய ஓட்டை. "சின்ன வேலைதானே, தம்பி பாத்துக்கட்டும்" என்று ஒதுக்கப்படுவதுதான் பட்டறையிலேயே கஷ்டமான வேலை.

நான் கற்றது கீழக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில். அதற்கு முன் செல்போன் கடையில் பலகைகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தவன். அந்தப் பழக்கத்தில் வெல்டிங்கையும் கைத்திறமை என்றே நினைத்து வந்தேன். கை நடுங்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று. பட்டறைக்காரக் காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) என் கையில் வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரைக் கொடுக்கவில்லை. "தம்பி, முதல்ல அரத்தை எடு" என்றார். இரண்டு தகட்டுத் துண்டுகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து, கதவுப் பக்கம் தூக்கிப் பிடித்துக் கேட்டார்: "வெளிச்சம் தெரியுதா?" நடுவில் நூல் அளவுக்குத் தெரிந்தது. "அப்ப அந்த இடத்துல ஓட்டை விழும். நீ எவ்வளவு நல்லா அடிச்சாலும் விழும். தேய்."

அப்புறம் நான் அரத்தால் தேய்ப்பது, கதவுப் பக்கம் பிடித்துப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது என்றே பல பொழுதுகள் போயின. சலிப்பான வேலைதான். ஆனால் காரணம் தெளிவானது. கனத்த இரும்பில் இடைவெளி இருந்தால் இரண்டு பக்கமும் உருகி வந்து நடுவில் சேர்ந்துகொள்ளும். மெல்லிய தகட்டில் அப்படி வந்து சேர இரும்பே இல்லை. இடைவெளியின் விளிம்பில் சூடு போக வழியில்லாமல் தேங்கி, விளிம்பு பின்வாங்கி, சின்னச் சந்து வட்ட ஓட்டையாகிவிடும். அதனால்தான் ஓரத்தோடு ஓரம் ஒட்டுவதைவிட, முடிந்த இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஒட்டுவது புதியவனுக்கு நல்லது. அடியில் இன்னொரு தகடு இருப்பதால் சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். கடலோரத்தில் அதற்கு ஒரு விலை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

தகட்டின் கனம் எவ்வளவு என்று தெரியாமல் ராடை, அதாவது மருந்து பூசிய வெல்டிங் கம்பியை, எடுக்கக்கூடாது. கடையில் 16 கேஜ் என்றால் ஏறத்தாழ 1.6 மில்லி, 18 கேஜ் 1.2 மில்லி, 20 கேஜ் ஒரு மில்லிக்கும் சற்றுக் குறைவு. புதுப் பைப்புக்கு இந்தக் கணக்கு சரி. நம் பக்கத்தில் பழுதுக்கு வரும் பொருளுக்கு இது உதவாது. உப்புக்காற்றில் ஸ்கொயர் பைப் உள்ளிருந்தும் அரிக்கும். வெளியே பச்சை பெயின்ட் அப்படியே இருக்கும், உள்ளே பாதி போயிருக்கும். வாங்கும்போது 1.2 மில்லியாக இருந்தது, மூன்று வருடம் கடற்கரையில் நின்றபின் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. நான் செய்வது இதுதான்: சிப்பிங் சுத்தியலின் கூர்முனையால் ஒட்டவேண்டிய இடத்தைச் சுற்றி வரிசையாகத் தட்டிப் பார்ப்பேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், முனை திரும்பித் துள்ளும். அரித்த இடத்தில் சத்தம் மந்தமாகி, முனை லேசாகக் குழிந்து இறங்கும். குழிந்தால் அங்கே வெல்டிங் கிடையாது. நல்ல இரும்பு வரும்வரை வெட்டித் தள்ளிவிட்டுப் புதுத் துண்டு சேர்க்கவேண்டும். வண்டிக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சரி, ராடு. பட்டறைகளில் அதிகம் புழங்குவது 10-ஆம் நம்பர் என்று சொல்லப்படும் 3.15 மில்லி ராடு. கையில் கிடைப்பதும் அதுவே. மெல்லிய வேலைக்கு அதைத் தொடவேண்டாம். அது ஒழுங்காக எரிய 90 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டை ஒரு மில்லி தகடு தாங்காது. 12-ஆம் நம்பர், அதாவது 2.5 மில்லி ராடு 60 முதல் 90 ஆம்பியரில் ஓடும். 1.6 மில்லிக்குமேல் இருந்தால் அதில் சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் 2 மில்லி ராடுதான். 40 ஆம்பியரிலேயே எரியும். ராடு வகை 6013 என்று பெட்டியில் போட்டிருப்பது போதும். ஆம்பியர் எவ்வளவு என்று ராடு பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமலே பெட்டியைக் கிழித்துப் போடுவது நம் வழக்கம்.

இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷினில் ஹோல்டர் வயரை மைனஸிலும் எர்த் வயரை பிளஸிலும் மாட்டினால் உருகும் ஆழம் குறையும், தகட்டுக்கு அது நல்லது. ஹாட் ஸ்டார்ட் என்று ஒரு குமிழ் இருந்தால் அதை அடியோடு குறைத்துவிடுங்கள். ராடு ஒட்டிக்கொள்ளாமல் பற்றவேண்டும் என்று தொடக்கத்தில் மட்டும் கூடுதல் ஆம்பியர் தள்ளும் வசதி அது. கனத்த இரும்பில் உதவி, தகட்டில் முதல் பொட்டிலேயே ஓட்டை. அந்தக் குமிழ் இல்லாத மிஷின் என்றால், பக்கத்தில் ஒரு கனத்த துண்டை வைத்து அதில் பற்றவைத்து, எரிந்துகொண்டிருக்கும்போதே வேலைக்கு நகர்ந்துவிடலாம். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் கரன்ட் இறங்கும், காலையில் சரியாக இருந்த அதே குமிழ் நிலையில் ராடு ஒட்ட ஆரம்பிக்கும். எனவே மிஷினில் தெரியும் எண்ணை நம்பி வேலையில் இறங்கவேண்டாம். அதே கனமுள்ள வேஸ்ட் துண்டில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டே இறங்கவேண்டும்.

கண்ணாடிக்குள்ளே என்ன பார்க்கவேண்டும் என்று யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை. புதியவன் கண் தானாகவே நெருப்பைப் பார்க்கும். பார்க்கவேண்டியது நெருப்பை அல்ல, அதன் பின்னால் நிற்கும் உருகிய குட்டையை. அதில் இரண்டு நிறம் தெரியும். முன்னால் பளிச்சென்று அசைவது இரும்பு. அதன் மேல் பின்னாலிருந்து மங்கலாக மூடிக்கொண்டு வருவது ராடு மருந்து உருகிய கசடு. தகடு ஓட்டையாகப் போகிறது என்றால் அந்தக் குட்டை முன்கூட்டியே காட்டிவிடும். உப்பலாக இருந்தது தட்டையாகி, நடுவில் பள்ளமாகி, ஓரம் அகலமாகும். அந்தக் கணத்தில் ராடைத் தூக்கிவிட்டால் பிழைத்தது. அரை நொடி தாமதித்தால் குட்டை கீழே சொட்டிவிடும். வேஸ்ட் துண்டில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு, போடும்போது குட்டை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. காக்கா என்னை அப்படித்தான் செய்யச்சொன்னார். "ஓட்டை போடத் தெரிஞ்சவனுக்குத்தான் போடாம இருக்கத் தெரியும்" என்பார்.

ஆகவே நீளமாக இழுக்கவேண்டாம். பொட்டுப் பொட்டாக வைத்துப் போகவேண்டும். ராடு நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே ராடின் கம்பிக் கனத்துக்குமேல் தூரம் கூடாது. தூரம் கூடினால் சூடு பரவும், பொறி தெறிக்கும். ஒரு பொட்டு, ஒரு நொடி, ராடு மேலே. கண்ணாடிக்குள் சிவப்பு மங்குவது தெரியும். முழுக்கக் கறுப்பதற்குள் அடுத்த பொட்டு, முந்தையதில் பாதியை மிதித்தபடி. ஆறிப்போய்விட்டால் கசடைத் தட்டி, பிரஷ் போட்டபிறகே தொடரவேண்டும். இல்லாவிட்டால் கசடு உள்ளே மாட்டிக்கொண்டு, மேலே பார்க்க அழகாகவும் தட்டினால் பெயர்ந்தும் வரும். வேலையைச் சாய்த்து வைத்து மேலிருந்து கீழாக வேகமாக இறங்குவதும் தகட்டுக்கு ஏற்ற முறை, ஆழம் இறங்காது. கனத்த இரும்பில் அப்படிச் செய்தால் மூத்தவர்கள் திட்டுவார்கள், அங்கே அது சரியான திட்டு.

முழுவதையும் ஒட்டுமுன் இரண்டு முனையிலும் நடுவிலும் டாக், அதாவது பிடித்து நிறுத்தும் சின்னப் பொட்டு, வைத்து நேர் பார்த்துக்கொள்ளவேண்டும். பிறகு ஒரே பக்கமாகப் போகாமல் இங்கே ஒரு அங்குலம், எதிர் முனையில் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது. ஸ்டெயின்லெஸ் தகடு என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. சூட்டில் அது சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மிகக் குறைவு. வைத்த இடத்திலேயே சூடு நின்று, ஆறும்போது இழுத்து வளைத்துவிடும்.

இதற்கெல்லாம் கைகண்ட துணை செம்பு. ஒட்டவேண்டிய இணைப்புக்கு அடியில் ஒரு செம்புப் பட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. செம்பு சூட்டை இரும்பைவிடப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும், உருகிய இரும்பு அதில் ஒட்டவும் ஒட்டாது. பட்டை விலை அதிகம் என்றால் ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் பழைய செம்புக் குழாயை வாங்கி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினால் போதும். ஓட்டை ஏற்கெனவே விழுந்திருந்தாலும் அடியில் இதை வைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி அடைத்துக்கொண்டு வரலாம். சந்து பெரிதாக இருந்தால் ஒரு ராடின் மேல்மருந்தைத் தட்டி உதிர்த்துவிட்டு, வெறும் கம்பியைச் சந்தில் படுக்கவைத்து அதன் மேல் பொட்டு வைப்பார்கள். தெருவோரப் பட்டறை வித்தைதான், ஆனாலும் பளு தாங்காத இடத்தில் நன்றாகவே நிற்கும். படி, ஊஞ்சல், வண்டி சேசிஸ் போன்றவற்றில் இந்த வித்தை வேண்டவே வேண்டாம்.

நடைமுறையில் இரண்டு தகடுகளை ஒட்டுவது அபூர்வம். ஐஸ்பெட்டி கீல் மாதிரி, 5 மில்லி பட்டையை ஒரு மில்லி தகட்டோடு சேர்ப்பதே அன்றாடம் வருவது. இதில் நெருப்பு முழுவதும் கனத்த பக்கம் பார்த்தே இருக்கவேண்டும். பட்டையில் குட்டையை உண்டாக்கி, அது நன்கு உருகி நிற்கும்போது ராடை லேசாக அசைத்து அதன் ஓரத்தைத் தகட்டில் தொடவைத்து, உடனே பட்டைக்குத் திரும்பிவிடவேண்டும். இரண்டுக்கும் சரிநடுவே பிடித்தால் பட்டை உருகுவதற்குள் தகடு காணாமல் போய்விடும்.

இன்னொரு விசித்திரம், புத்தகத்தில் படிக்காதவர்களைக் குழப்பும். ஸ்கொயர் பைப்பின் இரண்டு முனையையும் மூடி ஒட்டும்போது எல்லாம் அழகாக வந்து, கடைசிப் பொட்டு மட்டும் புஸ்ஸென்று ஊதிப்போகும். மறுபடி வைத்தால் மறுபடி ஊதும். கை காரணமில்லை. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, கடைசிச் சந்து வழியாக வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் 3 மில்லி துளை ஒன்று போட்டுவிட்டு ஒட்டினால் ஊதாது. எல்லாம் ஆறியபின் அந்தத் துளையை ஒரே பொட்டில் அடைத்துவிடலாம். அடைக்கத்தான் வேண்டும், இந்த ஊர்க் காற்றுக்குத் துளை விட்டுவைத்தால் பைப் உள்ளிருந்து போய்விடும்.

ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி ஒட்டுவதற்குக் கடலோரத்தில் ஒரு விலை உண்டு என்றேனே, அதுவும் இதேதான். இரண்டு தகட்டுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் வெளியே வராது, அங்கேயே இருந்து தின்னும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்குச் செய்தால் நாலு பொட்டு வைத்து விட்டுவிடும் வேலை, ஐஸ்பெட்டிக்கும் படகுக்கும் போகிறதென்றால் விளிம்பு முழுக்கச் சுற்றி அடைக்கப்படவேண்டும். பொறுமையாக, மாற்றி மாற்றி, ஆறவிட்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது முழுமையாக வெல்டிங் செய்த இணைப்புகள், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று சொன்னார்கள். 1914 முதல் நின்ற பழைய பாலம் இந்த உப்பில் பட்டதைப் பார்த்த ஊருக்கு அதன் அருமை புரியும். நம்முடையது மீன்கூடை ஸ்டாண்டுதான், காற்று அதே காற்று.

ஆகவே ஒட்டுமுன் துருவைத் தேய்த்தால் மட்டும் போதாது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறகு பிரஷ் போடவேண்டும். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். ஒட்டியபின் கசடு ஒரு துணுக்குக்கூட இல்லாமல் தட்டி எடுத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்கவேண்டும். கசடின் மேல் அடித்த பெயின்ட் கசடோடு உதிரும். நாளைக்கு அடிக்கலாம் என்று விட்டால் காலையில் இணைப்பு முழுக்கச் செம்மண் நிறத்தில் நிற்கும். ராடுகளையும் திறந்து போட்டுவைக்கக்கூடாது. ஈரம் ஏறிய ராடு படபடவென்று வெடிக்கும், இணைப்பில் ஊசிக்கண் துளைகள் விழும். மூடி இறுகும் டப்பாவில் வைத்தால் போதும்.

மெல்லிய தகட்டுக்கு, ராடுக்குப் பதில் கம்பியும் கேஸும் தானாக வரும் மிக் மிஷின்தான் சரி என்று வீடியோ பார்த்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், 0.8 மில்லி கம்பியில் தகடு வேலை வெண்ணெயாக ஓடும், நான்கு சுவருக்குள் இருந்தால். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டகையில் அதன் கேஸ் இணைப்பின் மேல் நிற்காது, பறந்துவிடும். கேஸ் போனால் இணைப்பு முழுக்கத் துளை. ராடு வெல்டிங்கில் பாதுகாப்பு மருந்தோடு சேர்ந்தே வருவதால் காற்றைக் கொஞ்சம் தாங்கும். புதிதாகத் தொழில் தொடங்குபவர் இந்தக் கரையில் இருந்தால் முதல் காசை மிக் மிஷினில் போடவேண்டாம் என்பேன்.

உடம்புக்கு வருவோம். ஜிஐ பைப்பில் பூசிய துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும். இரும்பு உருக 1500 வேண்டும். அதாவது இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே வெள்ளைப் புகை கிளம்பும். அதை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்ஜுரம் மாதிரி நடுக்கம், உடல்வலி, வாயில் உலோகச் சுவை. பால் குடித்தால் போதும் என்பது பட்டறை வைத்தியம், புகையை அது தடுக்காது. ஒட்டும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்று பக்கவாட்டிலிருந்து வந்து புகையை ஓரமாகத் தள்ளும்படி நிற்கவேண்டும். கண்ணைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், ஆனால் சில்லறை வேலையில்தான் "ஒரு பொட்டுதானே" என்று கண்ணாடி இல்லாமல் அடிப்பது நடக்கும். வலி அப்போது தெரியாது, ராத்திரி தெரியும், கண்ணுக்குள் மணல் விழுந்த உறுத்தலோடு. தாய்ப்பால், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈர மணலில் செருப்போடு நின்றும் அடிக்கவேண்டாம், வெறுங்காலோடு சொல்லவே வேண்டாம். ராடு எரியாமல் சும்மா இருக்கும்போதுகூட ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். வேர்வையும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் அது போதும். வண்டியில் வேலை என்றால் பேட்டரி வயரைக் கழற்றி, எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டவேண்டும். தூரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

சில வேலைகளை வெல்டிங் இல்லை என்று திருப்பி அனுப்பவும் தெரியவேண்டும். அரை மில்லி தகட்டுப் பெட்டிக்கு ரிவெட்டே மேல். சைலன்சர் தகடு மிகவும் தேய்ந்திருந்தால் புதுக் குழாய் மேல். சின்னச் செம்பு உருப்படிகளுக்குக் கேஸ் வெல்டிங்காரரிடம் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைக்கச் சொல்லலாம். அடி உலோகம் உருகாமலே பிடித்துக்கொள்ளும். டீசல் டேங்க், பெட்ரோல் டேங்க், முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம், இவை எவ்வளவு காலியாக, எவ்வளவு கழுவி வந்தாலும் நான் தொடுவதில்லை. உள்ளே நிற்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

கூலி விஷயம் ஒன்று பாக்கி. "ரெண்டு பொட்டு வைக்கிறதுக்கு இவ்வளவா அண்ணே?" என்று கேட்காதவர் இல்லை. தட்டிப் பார்ப்பது, வெட்டுவது, அரம் போடுவது, கழுவுவது, பிரைமர் அடிப்பது எதுவும் அவர் கண்ணில் படாது; பளிச்சென்று நெருப்பு தெரியும் நேரம்தான் வேலை நேரம் என்று கணக்கு. அதனால் இப்போதெல்லாம் பொருளைக் கையில் வாங்கியதும் சுத்தியலால் அவர் முன்னாலேயே தட்டிக் காட்டி, எங்கே வெட்டவேண்டும் என்று சாக்பீஸில் கோடு போட்டு, தொகையையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதிப்பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப்பேர் அடுத்த பட்டறைக்குப் போவார்கள், அங்கே 10-ஆம் நம்பர் ராடில் அடித்துக் கொடுப்பார்கள்.